பாதிக் குழலில் நின்ற குண்டு

வாப்பாவின் தொடையைப் பன்றி கிழித்தபோது நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெயிலை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பல்லேபொலப் பக்கம் காட்டுப்பன்றி பகலில் வராது. இருட்டில் வந்து மரவள்ளியைத் தோண்டும், மிளகுக் கொடியின் அடியைக் கிளறிப் போடும், விடியுமுன் போய்விடும். நாங்கள் எழுந்து வந்து குழிகளைப் பார்த்து ஏசுவோம். அதற்கும் எங்களுக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

அன்றைக்கு வந்தது அடிபட்ட பன்றி. யாரோ எங்கேயோ தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதை ஹக்கபட்டாஸ் என்போம். கடித்தவுடன் வாய்க்குள்ளேயே வெடிக்கும். இந்தப் பன்றி கடித்திருக்கிறது, ஆனால் சாகவில்லை. தாடையின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்க, மறுபக்கத்துக் கோரைப்பல் அப்படியே நிற்க, தின்னவும் குடிக்கவும் முடியாமல் வெறி பிடித்துத் தோட்டம் தோட்டமாக ஓடி எங்கள் சாதிக்காய் மரத்தடிக்கு வந்துவிட்டது. அங்கே வாப்பா குனிந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக்குள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினால், வாப்பா மல்லாந்து கிடக்கிறார். சாரன் தொடைவரை கிழிந்து, அதற்குள் தொடையும் கிழிந்து, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. உம்மா தன் தலையிலிருந்த துணியை உருவி இறுக்கிக் கட்டினார். துணி உடனே சிவந்தது. முச்சக்கர வண்டி பிடித்து உம்மாவையும் வாப்பாவையும் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தோட்டத்தைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று உம்மா என்னை இறக்கிவிட்டுப் போனார். பன்றி இன்னும் தோட்டத்தில்தான் இருந்தது.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே வயல் செய்கிறவர் ஒரு சிங்களவர். எனக்கும் என் மூத்த சகோதரன் நானாவுக்கும் அவர் ‘அய்யே’, அவருக்கு நாங்கள் ‘மல்லி’; சிங்களத்தில் அண்ணன், தம்பி. மாத்தளை டவுனில் எங்கள் ஆட்களின் கடைகளில் மூட்டை தூக்கிய காலத்தில் பிடித்த தமிழ் அவருடையது. கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் நாயோடு வந்தார். பன்றி வாய்க்கால் ஓரத்து உண்ணிச்செடிப் புதருக்குள் படுத்திருப்பதைக் காட்டினார். புதர் அசையவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அடைப்பு விழுந்த குழாயில் தண்ணீர் போவது போன்ற மூச்சு.

“கிட்டப் போறது வாண. வாய் போனதுக்கு ரோசம் கூட” என்றார் அய்யே. “ஒங்க துவக்கு ஈக்குதானே?”

துவக்கு, கொல்லன் செய்த நாட்டுத் துப்பாக்கி, இருந்தது. வாப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரமும் இருந்தது. ஆனால் வாப்பா இல்லை.

அந்தத் துவக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதன்மேல் ஒரு கிறுக்கு. உயர்தரத்தில் கணிதம் படித்து, பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி போதாமல், டவுனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பொழுதைக் கொல்கிறவன் நான். கையில் கிடைக்கும் எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. இந்தத் துவக்கைக் கழற்றிப் பூட்டுவது அரை மணி நேர வேலைகூட இல்லை. பின்பக்கம் திறக்காத குழல் அது. வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, அதன்மேல் தேங்காய்த் தும்பை அடைத்து, அதன்மேல் ஈயக் குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். குழலின் அடிப்பக்கத்தில் சின்ன மூக்கு ஒன்று இருக்கும். அதன் தலையில், தட்டினால் பொறி விடும் சின்னச் செப்புக் ‘கேப்’பைச் செருகி, குதிரை அதில் அடித்தால், மூக்கின் ஓட்டை வழியாக நெருப்பு உள்ளே போய் மருந்தைப் பிடிக்கும். யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் இதைச் செய்வதை நான் பார்த்த அளவுக்குப் பாடப் புத்தகத்தைப் பார்த்திருந்தால் இந்நேரம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்திருப்பேன்.

எல்லாமே ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. குண்டு போய் மருந்தின்மேல் ஒட்டி உட்கார வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெறும் இடம் இருக்கக் கூடாது. பாதிவழியில் இறுகி நிற்கும் குண்டு குழலுக்கு மூடி மாதிரி. மருந்து பற்றினால் அந்த வேகம் மூடியில் மோதும், மூடி நகருமுன் இரும்பு பிளக்கும். இரும்பு பிளக்கும் அந்த இடத்துக்குக் கீழேதான் சுடுகிறவனின் இடது கை இருக்கும். கொஞ்சம் பின்னால் அவன் கன்னமும் கண்ணும் இருக்கும்.

நானா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். டவுனில் ஒரு டயர் கடையில் வேலை அவருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போய் வாப்பாவைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். சட்டையின் முன்பக்கம் வாப்பாவின் இரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

“வாப்பா எப்படி நானா?”

“தைக்கிறாங்க. கத்துறார். வாப்பா கத்தி நீ கேட்டிருக்கியாடா? நான் கேட்டதில்ல.” செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் போய்த் துவக்கோடு வந்தார். “எங்க அந்த நாயிட மகன்?”

“பன்டிட மகன்” என்றார் அய்யே.

நானா சிரிக்கவில்லை. முற்றத்துப் பலா மரத்தடியில் துவக்கை நிமிர்த்தி வைத்து மருந்தைக் கொட்டினார். வாப்பா கொட்டுவதைவிட அதிகம். “இதுக்கு டபுள் வேணும்” என்றார். தும்பை அடைத்தார். பிறகு கால்சட்டைப் பையிலிருந்து குண்டு ஒன்றை எடுத்தார்.

அந்தக் குண்டைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது. வாப்பா வார்க்கும் குண்டு மங்கலாக, சாம்பல் நிறமாக இருக்கும். கண்டலமக் குளத்து மீன்காரர்களிடம் வலை ஈயம் வாங்கி வந்து உருக்குவார். நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மெத்தென்ற ஈயம் அது. நானா எடுத்தது பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது.

“இது எங்க வார்த்தது நானா?”

“கடைல. வீல் பெலன்ஸ் பண்ற ஈயம் சும்மா குவிஞ்சு கெடக்குது. நம்ம அச்சக் கொண்டுபோய் ஊத்தினேன்.”

சக்கரம் ஆடாமல் இருக்க ரிம்மின் ஓரத்தில் அடிக்கும் துண்டு ஈயம்தான் அது. அது தனி ஈயம் இல்லை, வேறு உலோகமும் கலந்தது. கலந்த ஈயம் கடினமாக இருக்கும். அதோடு, ஆறும்போது தனி ஈயம் சுருங்கும் அளவுக்கு அது சுருங்காது. அதே அச்சில் வார்த்தாலும் ஒரு மயிரளவு பெரிதாகத்தான் வெளியே வரும். எங்கள் ஊர்த் துவக்குகள் கொல்லன் கையால் செய்தவை. ஒன்றின் குழல் மற்றதைப் போல இராது. அதனால்தான் ஒவ்வொரு துவக்கோடும் அதற்கென்றே ஓர் அச்சைக் கொடுத்துவிடுவார்கள், அடுத்த வீட்டுக்கு அச்சை இரவல் கொடுக்க மாட்டார்கள். நானா அச்சில் பிழை விடவில்லை. ஈயத்தில் விட்டார். டயர் கடைக்காரனைத் தவிர வேறு யாரும் விட முடியாத பிழை அது.

இதையெல்லாம் அவரிடம் ஒரே மூச்சில் சொன்னேன். எனக்குப் பேச்சு எப்போதும் வேகம்.

“நீ துவக்க வீடியோவுல பாத்தவன். நான் சுட்டவன்.”

“நீங்க சுட்டது ரெண்டு ரிலவுக் கொரங்கு. ரெண்டும் இன்னும் உயிரோட ஈக்கு.”

அய்யே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானா குண்டைக் குழலின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அது போகவில்லை. வாப்பாவின் குண்டு தானாக உருண்டு உள்ளே விழும். இதைக் கல்லால் தட்டித்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு கம்பியை விட்டு இடித்தார். கொஞ்சம் இறங்கியது. இன்னும் இடித்தார். இன்னும் கொஞ்சம். கம்பியின் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கல்லால் ஓங்கி ஓங்கி அடித்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அடிக்க அடிக்க, அவர் குண்டை இறக்கவில்லை, யாரையோ கொல்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஓர் அடியில் கல் நழுவி அவர் விரலில் பட்டது. நகம் கறுத்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

“அடோ மல்லி, துவக்கு புள்ள பெறப் போகுது” என்றார் அய்யே.

கடைசியில் கம்பி அசையாமல் நின்றது. நானா அதைக் கொஞ்சம் தூக்கி உள்ளே விட்டார். டங் என்று துள்ளி மேலே வந்தது.

“துள்ளுது பாத்தியா? உக்காந்திட்டு.”

குண்டு சரியாக உட்கார்ந்துவிட்டதா என்று வாப்பாவும் இப்படித்தான் பார்ப்பார். ஆனால் நடுவில் இறுகிய குண்டின்மேல் போட்டாலும் கம்பி துள்ளத்தான் செய்யும். இரும்பு எதன்மேல் மோதினாலும் துள்ளும். கம்பியில் வாப்பா அரத்தால் ஒரு வெட்டுப் போட்டிருந்தார். மருந்தும் குண்டும் சரியாக இறங்கினால் அந்த வெட்டு குழலின் வாயோடு சமமாக நிற்கும். நான் குனிந்து பார்த்தேன். வெட்டு குழல்வாய்க்கு மேலே ஒரு சாணுக்கும் அதிகமாக நின்றது.

“நானா, குண்டு பாதிலதான் நிக்குது. வெட்டப் பாருங்க.”

“மருந்து டபுள் போட்டேன்தானே. மேல நிக்காம?”

“டபுள் போட்டா ரெண்டு விரல் நிக்கும். இது ஒரு சாண் நிக்குது! நடுவுல காத்து ஈக்கு நானா. நீங்க விசைய அமுத்தினா குழல் வெடிக்கும். ஒங்கட கை போகும், முகம் போகும். அல்லாஹ்வுக்காக, கேளுங்க.”

“வாப்பாட கால் போன நேரம் நீ எங்கடா ஈந்த? ரூமுக்குள்ள! வாய் மட்டும் ஈக்கு.”

அந்தச் சொல் சுட்டது. ஆனால் சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. அவர் கேப்பை மூக்கில் செருகினார். நான் பாய்ந்து அதைப் பிடுங்கி மரவள்ளிப் பாத்திக்குள் வீசினேன். புறங்கையால் அறைந்தார். என் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. நான் துவக்கின் கட்டையைப் பிடித்தேன். அவர் என் வயிற்றில் முழங்காலை ஏற்றினார். மூச்சு நின்று தரையில் உட்கார்ந்தேன். சின்ன வயதிலிருந்தே அடித்துக்கொள்கிறவர்கள்தான் நாங்கள். எங்கே அடித்தால் நான் விழுவேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

“அடி வாண, அடி வாண!” என்று அய்யே நடுவில் வந்தார். “பன்டிய அடிங்க! வீட்டு ஆள் வாண!”

நானா வேறொரு கேப்பை எடுத்து உதடுகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் இறங்கினார். நான் எழுந்து பின்னால் போனேன். என் கையில் கம்பி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. துவக்குக்குப் பக்கத்தில் கிடந்ததைக் கை தானாகவே எடுத்திருக்க வேண்டும்.

அய்யேயின் நாய் எங்களை முந்திக்கொண்டு ஓடிப் புதருக்கு வெளியே நின்று குரைத்தது. புதர் பிளந்தது. பன்றி வெளியே வந்தது.

படங்களில் பார்த்த மாதிரி அது பாய்ந்து வரவில்லை. முதலில் தலையை ஆட்டியது. தொங்கிய தாடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து இரத்தமும் சளியும் நூலாகத் தெறித்தன. பிறகுதான் எங்களைப் பார்த்தது. பார்த்தபின் மேட்டில் நேராக ஏறி வந்தது.

நானா ஒரு காலை முன்வைத்து நின்றார். குதிரையைப் பின்னுக்கு இழுத்தார். வாயிலிருந்த கேப்பை வலது கையால் எடுத்து மூக்கில் செருகப் போனார். இடது கை குழலைத் தாங்கியிருந்தது, குண்டு நின்ற இடத்துக்குச் சரியாகக் கீழே. அந்தக் கையை நான் நன்றாகப் பார்த்தேன். டயர் மசகு நகக்கண்களில் படிந்த கை. கறுத்துப்போன அந்த நகமும் தெரிந்தது.

வலது மணிக்கட்டில் கம்பியால் அடித்தேன்.

சத்தம் கேட்டது. முருங்கைக் கொப்பு ஒடிகிற சத்தம். கேப்பு புல்லில் விழுந்தது. துவக்கும் விழுந்தது. நானா “உம்மா!” என்று கத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தார். நான் அவரை இழுத்துக்கொண்டு சாதிக்காய் மரத்துக்குப் பின்னால் உருண்டேன். அந்த நேரத்திலும் அவர் இடது கையால் என் முகத்தில் குத்திக்கொண்டே இருந்தார்.

நாய்தான் பன்றியைத் தடுத்தது. காதைக் கவ்வித் தொங்கியது. பன்றி ஒரே உலுக்கில் நாயின் வயிற்றைத் திறந்துவிட்டது. நாய் கத்தவில்லை, காதையும் விடவில்லை. அந்த ஒரு கணத்துக்குள் அய்யே பக்கவாட்டில் வந்து கோடரியை இறக்கினார். முதல் வெட்டு தோளில் விழுந்தது. இரண்டாவது கழுத்தில். பிறகு எண்ண முடியாதபடி வெட்டினார், பன்றி விழுந்த பிறகும் வெட்டினார். நாயின் பெயரைச் சொல்லிச் சொல்லி வெட்டினார். நிறுத்தியபோது அவர் முகத்தில் எது வியர்வை, எது இரத்தம் என்று தெரியவில்லை.

கோடரியைப் புல்லில் துடைத்துவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழும் நானா. வாயில் இரத்தத்தோடு நான்.

“ஒங்க ரெண்டு பேரையும் விட இது நல்லது” என்று பன்றியைக் காட்டினார். பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று மாத்தளை ஆஸ்பத்திரியில் வாப்பாவும் நானாவும் வேறு வேறு வார்டில் இருந்தார்கள். உம்மா இரண்டுக்கும் நடுவே நடந்தார். நடந்தது என்னவென்று நானா சொன்ன ஒரே வசனம் இதுதான்: “பன்டி வர்ற நேரம் இவன் என்ட கைய ஒடச்சான்.” அதில் பொய் இல்லை. அதனால்தான் என்னால் அதை மறுக்க முடியவில்லை.

நான் வெட்டு, சாண், காற்று என்று விளக்கினேன். உம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “கம்பியால அடிச்சியா, இல்லையா?” என்றார்.

“அடிச்சேன்.”

“போ.”

அன்றிலிருந்து சோறு போடுவார், முகம் பார்க்க மாட்டார். சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளும் சத்தத்திலேயே கன்னத்தில் விழும் ஓர் அறை இருக்கும். ஊர் சும்மா இருக்குமா? பள்ளிவாசல் சந்தியில் தேநீர் குடிக்கப் போனால், “வாங்க லோயர், இண்டைக்கு எந்தப் பன்டிட கேஸ்?” என்பார்கள். நானா மூத்தவர், உழைக்கிறவர், வாப்பாவுக்காகப் போனவர். நான் பன்றிக்காகச் சொந்தச் சகோதரனின் கையை முறித்தவன். கதை அப்படித்தான் நின்றது. எனக்கு அதைவிட ஒரு பயம் இருந்தது. கதை சரியாகவும் இருக்கலாம். இரட்டை மருந்து, நிறையத் தும்பு, வளைந்த கம்பி எல்லாம் சேர்ந்து அந்த ஒரு சாண் வந்திருந்தால்? குண்டு கீழே உட்கார்ந்தே இருந்திருந்தால்? அப்படியென்றால் நானாவின் கையை நான் சும்மா உடைத்திருக்கிறேன். தூங்கப் போனால் முருங்கைக் கொப்பின் சத்தம் வரும்.

துவக்கு அப்படியே இருந்தது, வயிற்றில் குண்டோடு. கேப்பு இல்லாமல் அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தேன். யாரும் அதைத் தொடவில்லை.

நானா மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். ஒரு கையால் டயர் கழற்ற முடியாது. நாள் முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மதியம், உம்மா வாப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம், அவராகவே பேசினார்.

“துவக்க எடு. பலா மரத்துல கட்டு. நூல் கட்டி இழுப்போம். வெடிச்சா நீ செல்றது சரி.”

“வெடிக்காட்டி?”

மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். “ஒனக்கும் ஒண்ணு.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. குழல் எந்த இடத்தில் பிளக்கும், எந்தப் பக்கம் விரியும் என்று பார்க்க ஆசை. ஆனால் துவக்கு வாப்பாவுடையது. இரும்புத் துண்டு எந்த வீட்டுக் கூரைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? அப்போதுதான் வாப்பா வீட்டுக்கு வந்ததும் காயத்தைக் கழுவ என்று உம்மா வாங்கி வைத்திருந்த சிரிஞ்ச் கண்ணில் பட்டது. மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது மாதிரி இருந்தது. நான் துள்ளிவிட்டேன்.

“நானா, சுட வேணாம். தண்ணி குடுப்போம்.”

“என்னது?”

“மூக்கு ஓட்டை வழியா தண்ணி ஏத்துவோம். மருந்து நனஞ்சிரும், பொறகு குண்டக் கழட்டப் பயமில்ல. ஆனா விஷயம் அது இல்ல. குண்டு மருந்துமேல உக்காந்து ஈந்தா உள்ள எடமே இல்ல. கொஞ்சம் போகும், பொறகு திரும்பி வெளிய வரும். நடுவுல காத்து ஈந்தா அந்தக் காத்துட அளவுக்குத் தண்ணி போகும். எவ்வளவு குடிக்குதோ அவ்வளவு வெறும் எடம்.”

நானா யோசித்தார். அவர் முட்டாள் இல்லை. டயரில் ஓட்டை தேடுகிறவருக்குக் காற்றும் தண்ணீரும் தெரியும்.

“சிரிஞ்ச நான்தான் அமுத்துவேன்” என்றார். “நீ கள்ளன்.”

குழலின் வாயைக் கீழே சாய்த்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். நானா இடது கையால் ஊசியை மூக்கின் ஓட்டையில் விட்டு அழுத்தினார். முதல் சிரிஞ்ச் உள்ளே போனது. சின்னக் குமிழ்கள் மேலே வந்து வெடித்தன. வெடிமருந்தின் அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறியது.

“தும்பு குடிக்கும்தானே” என்றார்.

“குடிக்கும்.”

இரண்டாவதும் போனது. அடுத்ததும் போனது. நானா தேநீர்க் கோப்பையிலிருந்து தண்ணீரை இழுத்து அழுத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் நான் ஓட்டையைப் பார்த்தேன், தண்ணீர் திரும்பி வரும் என்று பயந்து பார்த்தேன். வரவில்லை. துவக்கு குடித்தது. வெயிலில் நடந்து வந்த ஆள் குடிக்கிற மாதிரிக் குடித்துக்கொண்டே இருந்தது. நானாவின் கை முதலில் வேகமாக அழுத்தியது, பிறகு மெதுவாக. கோப்பையில் தண்ணீர் பாதிக்குக் கீழே போனது.

கடைசியில் ஓட்டையில் கறுப்புத் தண்ணீர் ததும்பியது.

நானா சிரிஞ்சைக் கீழே வைத்தார். தன் இடது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். விரல்களை மடக்கினார், விரித்தார். முகத்தைத் தொட்டார். ஓங்கி அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடிக்கவில்லை.

“கழட்டு” என்றார்.

டவுனில் முச்சக்கர வண்டி திருத்துகிற இடத்தில் கம்பியின் நுனியில் மரத்தில் முடுக்கும் ஸ்குரூ ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு வந்தேன். டயர் ஈயத்தில் அது லேசில் ஏறவில்லை. நான் உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டுத் திருக வேண்டியிருந்தது. குழலுக்குள் எண்ணெய் விட்டு, ஸ்குரூ கடித்ததும் கம்பியின் மறுமுனையைப் பலா மரத்தில் கயிற்றால் கட்டினேன். துவக்கின் கட்டையை நானா ஒரு கையாலும் நான் இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தோம். இரும்பு கிறீச்சிட்டது. காலை மண்ணில் ஊன்றி, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு இழுத்தோம்.

“இழுடா மாடு!”

“நீங்க இழுங்க, ஒங்கட குண்டுதானே!”

குண்டு சட்டென்று விட்டது. இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தோம். துவக்கு என் நெஞ்சில் விழுந்தது. நானாவின் மாவுக்கட்டு தரையில் மோதி, அவர் வலியில் சுருண்டு கெட்ட வார்த்தையில் கத்தினார். குழலிலிருந்து கறுப்புக் கஞ்சி என் வயிற்றில் ஊற்றியது.

அப்படியே கிடந்துகொண்டு நானா சொன்னார்: “உம்மாட்ட இதச் செல்லாத.”

“ஏன்?”

“வாப்பாட தொடையப் பாத்தே அவங்க தூங்குறல்ல. எனக்கு நடக்கப் போனதும் தெரிஞ்சா செத்துருவாங்க. நீ ஒடச்சதாவே ஈக்கட்டும்.”

நல்ல காரணம்தான். நான் தலையாட்டினேன். ஆனால் அந்த வீட்டில் முகம் பார்க்காத சோற்றைத் தின்றவன் நான், அவர் இல்லை. அன்று பின்னேரம் உம்மா வந்து தேங்காய் திருவ உட்கார்ந்ததும் போய்ச் சொல்லிவிட்டேன். முழுவதையும், வேகமாக, மூச்சு விடாமல்.

உம்மா திருவுவதை நிறுத்தவில்லை. “எவ்வளவு தண்ணி குடிச்சுது?” என்றார்.

தேநீர்க் கோப்பையில் தண்ணீர் ஊற்றி, அளவைக் காட்டி அவர் முன்னால் வைத்தேன். உம்மா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் தண்ணீரில் அவர் என்ன கண்டாரோ, கைகள் நின்றுவிட்டன. பிறகு எழுந்து, அடுப்படியிலிருந்த அகப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

முதல் அடி நானாவின் முதுகில் விழுந்தது. அவர் திரும்புமுன் இரண்டாவது தோளில் விழுந்தது. அகப்பையின் காம்பு முறிந்தது. முறிந்த காம்பாலும் அடித்தார். அழுதுகொண்டு அடித்தார். “வாப்பாட கால் போதாதா? ஒன் மூஞ்சயும் நான் துணில கட்டிக் கொண்டு போகணுமா? செல்லுடா!” நானா தடுக்கவில்லை. மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து நின்று வாங்கினார்.

உம்மாவின் மூச்சு முட்டியதும் நானா நிமிர்ந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். “செல்லாதேன்னு சென்னேன்தானே!” என்று ஓடி வந்து மாவுக்கட்டுக் கையாலேயே என் தாடையில் இறக்கினார். கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. என் பல் ஒன்று ஆடியது. வலியில் அவரும் கத்தினார், நானும் கத்தினேன்.

உம்மா குறுக்கே வரவில்லை. முறிந்த காம்பைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அடிச்சிக்கிங்க” என்றார். “ரெண்டு பேருக்கும் கை ஈக்குதானே. அடிச்சிக்கிங்க.”